ஜெனரேட்டரில் பெட்ரோலை வடித்து வைப்பதா, மாதம் ஒருமுறை ஓட்டுவதா?

2018 நவம்பரில் கஜா அடித்தபோது டெல்டாவில் பல ஊர்களுக்குக் கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அப்படியொரு நாளுக்கென்று வாங்கி வைக்கும் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர், ஓடிக் கெடுவதைவிடக் கிடந்து கெடுவதே அதிகம்.

கெடுவது பெரும்பாலும் பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டர். அதன் அடிக்கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோல் இரண்டு மூன்று மாதத்தில் ஆவியாகிப் பிசினாகப் படிந்துவிடும். அதற்குள் பெட்ரோல் போகும் சின்னக் குழாயான பைலட் ஜெட்டின் துளை ஊசிமுனை அளவுதான், முதலில் அடைவது அதுவே. சோக் போட்டால் ஓடுகிறது, சோக்கை எடுத்ததும் ஏறி இறங்கி நின்றுவிடுகிறது என்றால் அந்த ஜெட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இப்போது பங்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் ஈரத்தையும் இழுக்கும். தண்ணீர் கூடினால் எத்தனாலோடு பிரிந்து டாங்கின் அடியில் தங்கும். கார்புரேட்டருக்குப் போகும் வழியும் அடியில்தான் இருக்கிறது.

வடித்து வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. எஞ்சின் ஆறியபின் டாங்கைக் காலி செய்து, கிண்ணத்தின் அடி ஸ்குருவைத் தளர்த்தி மிச்சத்தையும் இறக்க வேண்டும். பெட்ரோல் டேப்பை மூடி எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட்டினால் போதாது, கிண்ணத்தில் கொஞ்சம் தங்கும். பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் 5 முதல் 10 மில்லி எஞ்சின் ஆயில் விட்டு, ஸ்டார்ட் கயிற்றை மெதுவாக இரண்டு மூன்று முறை இழுத்து, பிளக்கைப் போட்டு, கயிறு கனக்கும் இடத்தில் விடுங்கள். அங்கே வால்வுகள் மூடியிருக்கும், ஈரக்காற்று உள்ளே போகாது. இதில் ஒரு குறை: கரண்ட் உண்டாக்கும் பாகமான ஆல்டர்னேட்டரில், நெடுநாள் ஓடாவிட்டால், அது வேலையைத் தொடங்கத் தேவையான மிச்சக் காந்தம் போய்விடலாம். எஞ்சின் ஓடும், பல்பு எரியாது. வோல்டேஜைச் சீராக்கும் ஏவிஆரின் இணைப்பைக் கழற்றி, துருவம் பார்த்து 12 வோல்ட் பேட்டரியால் காந்தம் ஏற்ற வேண்டும். அது தெரிந்தவர் கை வேலை.

மாதம் ஒருமுறை ஓட்டினால் காந்தம் நிற்கும், ஆல்டர்னேட்டரின் கம்பிச்சுருளும் ஈரம் போய்க் காயும். ஆனால் லோடு இல்லாமல் ஐந்து நிமிடம் ஓட்டுவது ஓட்டாததைவிட மோசம். பிளக்கில் கரி ஏறும். ஆயில் சூடேறாமல் ஈரம் தங்கிப் பால் நிறமாகும். 2.5 கேவிஏ மெஷினுக்கு 1000 வாட் ஹீட்டர் ராடை வாளித் தண்ணீரில் போட்டு, வெட்டவெளியில் அரைமணி நேரம் ஓட்டுங்கள். ஓடும்போது தண்ணீரில் கை வைக்கக்கூடாது. டாங்க் நிறைந்தே இருக்கட்டும், அரை டாங்கில் காலி இடத்தில் துரு பிடிக்கும்.

பெட்ரோல் கெடாமல் வைக்கும் மருந்து மூன்றாவது வழி. புதுப் பெட்ரோலில் கலந்தால்தான் வேலை செய்யும், பழையதைப் புதிதாக்காது.

கடலோர மாவட்டங்களுக்கு வடிப்பதும் ஓட்டுவதும் இரண்டும் வேண்டும், மாதம் பார்த்து. ஜனவரியில் ஆயிலை மாற்றி, பெட்ரோலை வடித்து வைத்துவிடுங்கள். 200 சிசி எஞ்சினுக்கு ஆயில் 600 மில்லி அளவில் பிடிக்கும். வடித்த பெட்ரோலை அந்த வாரமே பைக்கில் ஊற்றிவிடலாம். அக்டோபர் பிறந்ததும் புதுப் பெட்ரோல், அதிலிருந்து டிசம்பர் முடிய மாதம் ஒரு அரைமணி நேர ஓட்டம்.