சூப்பர்நேச்சுரல்: மேரியின் முன்கதையைத் தொட்டுத் தொட்டுக் கெடுத்த தொடர்

நான்காவது சீசனின் மூன்றாவது எபிசோடை முடித்த கையோடு நண்பர் ஒருவர், "அம்மாவே வேட்டைக்காரி என்று ஆகிவிட்டதே, இந்தக் குடும்பக் கதை இனிமேல் உருப்படுமா, எதுவரை பார்க்கலாம்?" என்று கேட்டார். ஒரு வரியில் முடிந்திருக்க வேண்டிய பதில் நீண்டுகொண்டே போனதால், முறையாக எழுதிவிடுவதே நல்லது என்று தோன்றியது. பேய் பிசாசுகளை வேட்டையாடும் அண்ணன் தம்பி இருவரின் கதையான சூப்பர்நேச்சுரல் என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடருடன் பல ஆண்டுகளாகக் குடித்தனம் நடத்திவருகிறேன். முழுதாகவும் பார்த்திருக்கிறேன், பிடித்த பகுதிகளை மட்டும் பொறுக்கியெடுத்தும் பார்த்திருக்கிறேன், கோபித்துக்கொண்டு பாதியில் நிறுத்தியும் இருக்கிறேன். ஆகவே சாமும் டீனும் யார், அந்தக் கறுப்பு இம்பாலா கார் எதற்கு என்றெல்லாம் தொடக்கத்திலிருந்து விளக்கப்போவதில்லை. பின்னால் வரும் திருப்பங்கள் பலவும் இதில் வெளிப்பட்டுவிடும் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். என் நண்பருக்கு அதில் வருத்தமில்லை. முடிவு தெரிந்தால்தான் நிம்மதியாகப் பார்க்க முடியும் என்பவர் அவர்.

2005 செப்டம்பரில் தொடர் தொடங்கியபோது டீன், சாம் இருவரின் தாயான மேரி வின்செஸ்டருக்குக் கதை என்று ஒன்றுமே இல்லை. வெள்ளை இரவு உடையில் ஒரு பெண், 1983 நவம்பர் 2ஆம் தேதி இரவு, கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் நகர வீட்டில், ஆறு மாதக் குழந்தையான சாமின் அறைக் கூரையில் ஒட்டிக்கொண்டு எரிந்துபோகிறாள், அவ்வளவுதான். கணவன் ஜான் முன்னாள் மரைன் படை வீரன், வாகனம் பழுதுபார்க்கும் தொழில் செய்பவன். சாதாரண வீடு, சாதாரணக் குடும்பம். எந்த வீட்டிலும் நடந்திருக்கலாம் என்பதுதான் அந்தக் காட்சியின் பயங்கரம். ஆயினும் எழுதியவர்கள் அப்போதே சில நூல்முனைகளை வெளியே விட்டுவைத்திருந்தார்கள். முதல் சீசனில் பழைய வீட்டுக்குத் திரும்பும் பிள்ளைகளின் முன் ஆவியாகத் தோன்றும் மேரி, சாமிடம் மன்னிப்புக் கேட்கிறாள்; எதற்கென்று சொல்வதில்லை. இரண்டாவது சீசனின் இறுதியில், அவளைக் கொன்ற மஞ்சள் கண் பிசாசு அந்த இரவைச் சாமுக்குக் காட்டும்போது, மேரி அந்தப் பிசாசை முன்பே அறிந்தவள் என்பது தெரிகிறது. மூன்றாவது சீசனில், அவளை அறிந்தவர்கள் ஒவ்வொருவராகக் கொல்லப்பட்டிருப்பதைச் சாம் கண்டுபிடிக்கிறான். மூன்று ஆண்டுகள் இப்படிப் பொறுமையாகக் காத்திருந்து, 2008 அக்டோபரில் ஒரே எபிசோடில் முடிச்சை அவிழ்த்தார்கள்.

அந்த எபிசோடை எத்தனை முறை பார்த்தாலும் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. காஸ்டியல் என்னும் தேவதூதன் டீனை 1973ஆம் ஆண்டுக்கு அனுப்புகிறான். அங்கே இளம் ஜான், வேட்டையின் வாசனையே அறியாத வெள்ளந்தி. இருட்டுச் சந்தில் டீனைப் பின்னாலிருந்து தாக்கி மடக்குபவள் மேரி. அவளுடைய பெற்றோர் சாமுவேல், டியானா காம்ப்பெல் இருவரும் வேட்டைக்காரர்கள். பேரன்களுக்கு வந்த பெயர்கள் எங்கிருந்து வந்தன என்பது அந்த அறிமுகத்திலேயே விளங்கிவிடுகிறது. இந்த வாழ்க்கையிலிருந்து தப்பிவிட வேண்டும் என்பதே மேரியின் ஒரே ஆசை. தன் பிள்ளைகளும் இதில் வளர்வதைவிடக் கொடுமை தன்னால் நினைத்துப்பார்க்க முடியாது என்று அவள் சொல்லும்போது, கேட்டுக்கொண்டிருப்பவன் அப்படியே வளர்ந்த அவளுடைய மூத்த மகன். பிறகு பெற்றோர் இருவரும் மாண்டு, ஜானும் அவள் மடியில் உயிரற்றுக் கிடக்க, தன் தந்தையின் உடலுக்குள் புகுந்து நிற்கும் பிசாசிடமே அவள் பேரம் பேசுகிறாள்: ஜானின் உயிர் திரும்ப வேண்டும்; பதிலுக்குப் பத்து ஆண்டுகள் கழித்து அது அவள் வீட்டுக்குள் ஒருமுறை வந்துபோகலாம்.

இந்த முன்கதை என்னை ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டது என்றால், அது ஏற்கெனவே பார்த்த எதையும் பொய்யாக்காமல் அனைத்தையும் வேறு பொருளில் பார்க்க வைத்தது. மனைவியைக் கொன்றதைப் பழிவாங்குவதற்காகப் பிள்ளைகளின் இளமையையே எரித்த ஜான், தான் ஒருமுறை இறந்து மீண்டவன் என்பதையும், தன் உயிருக்கான விலையாகவே அந்த வீட்டுக் கதவு திறந்துகொடுக்கப்பட்டது என்பதையும் அறியாமலேயே செத்துப்போகிறான். முதல் சீசனின் அந்த மன்னிப்புக்கும் இப்போது பொருள் கிடைத்துவிட்டது. நவம்பர் 2ஆம் தேதி என்ன சத்தம் கேட்டாலும் படுக்கையை விட்டு எழாதே என்று டீன் அவளிடம் மன்றாடுவான். எழுந்துதான் போவாள் என்பது நமக்கு முதல் எபிசோடிலிருந்தே தெரியும். ஜெரமி கார்வர் எழுதிய அந்த எபிசோட், ஒரு குடும்பத்தின் சாபம் பகையிலிருந்து வரவில்லை, ஒரு பெண் தன் காதலனைச் சாகவிட மறுத்ததிலிருந்து வந்தது என்று நிறுவியது. தவறான முடிவாக இருக்கலாம், ஆனால் அது அவளுடைய முடிவு.

எரிச்சல் தொடங்குவது இங்கேதான். இப்படி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் சும்மா விட்டிருக்கலாம், விடவில்லை. ஐந்தாவது சீசனில், 1978ஆம் ஆண்டுக்குப் போகும் எபிசோடை இன்னும் நான் விரும்பியே பார்க்கிறேன். கைக்குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்த சாம் அவளை முதன்முறையாக உயிருள்ள மனுஷியாக நேரில் பார்த்துப் பேச்சற்று நிற்பதற்காகவே அது போதும். ஆனால் அதிலேயே பிரதான தேவதூதன் மிகாவேல் வந்து, இந்த இரத்தவழி பைபிளில் வரும் காயீன் ஆபேல் சகோதரர்கள் வரை போகிறது என்று சொல்லிவிடுகிறான். அடுத்த எபிசோடில், காதலர்களைச் சேர்த்துவைக்கும் தேவதூதனான கியூபிட் ஒருவன் வந்து, ஜானும் மேரியும் முதலில் ஒருவரையொருவர் சகிக்கவே முடியாதவர்கள் என்றும், மேலிடத்து உத்தரவின்படித் தாங்கள்தான் அவர்களைச் சேர்த்துவைத்ததாகவும் சிரித்தபடியே சொல்கிறான். காட்சி நகைச்சுவையாகத்தான் எடுக்கப்பட்டிருக்கிறது. எனக்கு ஒவ்வொரு முறையும் அங்கே இரத்தம் கொதிக்கிறது. மடியில் காதலனின் பிணத்தை வைத்துக்கொண்டு ஒரு பெண் எடுத்த முடிவு, யாரோ எழுதிக்கொடுத்த அலுவலக ஆணையின் கிளைவிளைவாகிவிட்டது.

விதியா, விருப்பமா என்பதுதான் ஐந்தாவது சீசனின் வழக்கு. பெற்றோரின் திருமணம் முதலாக எல்லாமே திட்டமிடப்பட்டது என்று காட்டினால்தான் பிள்ளைகள் அந்தத் திட்டத்துக்கு உடன்பட மறுப்பது பெரிதாகத் தெரியும் என்பது கதாசிரியர்களின் தரப்பாக இருக்கும். நியாயமான தரப்புதான். பிள்ளைகளுக்கு மறுக்கும் வாய்ப்பைக் கொடுக்கத் தாயிடமிருந்ததைப் பிடுங்கினார்கள் என்பதுதான் என் வழக்கு. அதே சீசனில், சொர்க்கத்துக்குள் டீனின் சிறுவயது நினைவுக்குள் நுழையும் ஒரு காட்சி உண்டு: ஜானும் மேரியும் தொலைபேசியில் சண்டையிட்டுக்கொண்டிருக்க, நாலு வயதுப் பையன் தாயைச் சமாதானப்படுத்துகிறான். அப்பா எப்போதும் தங்கள் இல்லறம் குறையற்றது என்பாரே என்று சாம் வியக்க, அவள் இறந்த பிறகுதான் அது குறையற்றதானது என்கிறான் டீன். காயீனிலிருந்து இழுத்துவந்த வம்சாவளி முழுவதும் சேர்ந்தாலும் இந்த ஒரு காட்சிக்கு ஈடாகாது. இப்படியும் எழுதத் தெரிந்தவர்கள்தான் அப்படியும் எழுதுகிறார்கள் என்பதே கோபத்தைக் கூட்டுகிறது.

ஆறாவது சீசனில் தாத்தா சாமுவேல் உயிர்த்தெழுந்து, அதுவரை பெயரும் கேள்விப்பட்டிராத காம்ப்பெல் உறவினர் கூட்டம் ஒன்றோடு வருகிறார். மகளைத் திரும்பப் பெறுவதற்காகப் பேரன்களையே காட்டிக்கொடுக்கிறார். கடைசியில் சாமின் துப்பாக்கிக்கு இரையாகிறார். அதைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆடம் விஷயத்தை அப்படிக் கடந்துபோக முடியாது. ஜானுக்கு வேறொரு பெண்ணிடம் பிறந்த அந்தப் பையன் 2010ஆம் ஆண்டு ஐந்தாவது சீசனின் முடிவில் சாமோடு சேர்ந்து நரகத்துக் கூண்டுக்குள் விழுகிறான். சாம் மீட்கப்படுகிறான். ஆடம் அங்கேயே கிடக்கிறான், 2019இல் பதினைந்தாவது சீசன் நடக்கும் வரை. இடைப்பட்ட காலமெல்லாம் எபிசோடுக்கு ஒருமுறை குடும்பமே எல்லாம் என்று இந்த அண்ணன் தம்பியர் கண்கலங்குவதைக் கேட்கும்போது, தொலைக்காட்சிப் பெட்டியை நோக்கி ஆடமின் பெயரைச் சொல்லிக் கத்துவது என் வழக்கமாகிவிட்டது. வீட்டில் இருப்பவர்களுக்கும் அது பழகிவிட்டது.

எட்டாவது சீசனில், 2013 ஜனவரியில், ஜானின் தந்தை ஹென்றி 1958ஆம் ஆண்டிலிருந்து காலம் தாண்டி வந்து அலமாரிக் கதவைத் திறந்துகொண்டு விடுதி அறைக்குள் விழுகிறார். அவர் மென் ஆஃப் லெட்டர்ஸ் என்னும் இரகசிய அறிஞர் சங்கத்தவர் என்றும், தந்தை தன்னைக் கைவிட்டு ஓடிவிட்டார் என்று ஜான் வாழ்நாள் முழுவதும் வெறுத்தது வீண் என்றும் தெரியவருகிறது. ஹென்றியை எனக்குப் பிடிக்கும். அந்த எபிசோட் தந்த, கான்சாஸ் மாநிலத்து லெபனான் நகரத்து நிலவறை வீடும் பிடிக்கும். அது இல்லாவிட்டால் பிற்காலச் சீசன்களில் இந்தப் பிள்ளைகள் குந்துவதற்கு ஓர் இடம் இருந்திருக்காது. ஆனால் விளைவைப் பாருங்கள்: தாய்வழி வேட்டைக்காரர் பரம்பரை, தந்தைவழி அறிஞர் பரம்பரை, இரண்டுக்கும் மேலே காயீன் வம்சம். தற்செயலாக இந்த உலகுக்குள் இழுக்கப்பட்ட கடைசிச் சாதாரண மனிதனாக மிஞ்சியிருந்தவன் ஜான், அவனையும் வாரிசாக்கிவிட்டார்கள். பழைய வீட்டுக்கு மாடிமேல் மாடி எழுப்புகிறவர்கள், ஒவ்வொரு மாடிக்கும் வேண்டிய கல்லை அஸ்திவாரத்திலிருந்தே உருவி எடுத்தால் எப்படியிருக்கும்?

இவ்வளவு சலித்துக்கொண்ட பிறகு, பன்னிரண்டாவது சீசனைப் பற்றி நான் சொல்லப்போவது முரணாகத் தோன்றும். 2016இல் மேரியையே உயிரோடு கொண்டுவந்தார்கள், இம்முறை ஆவியாகவோ நினைவாகவோ அல்லாமல். என் கணிப்பில் இதுதான் மிக மோசமாகப் போயிருக்க வேண்டியது. இதுதான் மிக நன்றாக வந்தது. அவளுக்கு நேற்றுவரை நாலு வயது மகனும் கைக்குழந்தையும். இன்று எதிரே நிற்பவர்கள் தன்னைவிட மூத்தவர்களைப்போல் தெரியும் இரண்டு ஆண்கள். டீன் எதிர்பார்ப்பது ரொட்டியின் ஓரம் வெட்டித்தரும் அம்மாவை. அவளோ சமையலில் அக்கறையே இல்லாதவள். சில நாட்களிலேயே தனக்கு அவகாசம் வேண்டும் என்று பிள்ளைகளை விட்டுக் கிளம்பிவிடுகிறாள். இதற்காக ரசிகர்களில் பெரும் பகுதியினர் அவளைக் கரித்துக்கொட்டினார்கள். நான் முதலிலிருந்தே அவள் பக்கம். பதினோரு சீசன்கள் அவளைப் புகைப்படமாக வைத்துக் கும்பிட்ட தொடர், புகைப்படத்துக்குத் தன் விருப்பம் ஒன்று இருக்கக்கூடும் என்று கடைசியாக ஒப்புக்கொண்டது.

அங்கேயும் கையை வைக்காமல் இல்லை. 1980ஆம் ஆண்டில் கனடாவில் ஓர் ஓநாய் மனிதனிடமிருந்து சிறுவன் ஒருவனை மேரி காப்பாற்றினாள் என்று அதே சீசனில் ஒரு முன்காட்சி வருகிறது. 1979 ஜனவரியில் பிறந்த டீன் அப்போது நடைபழகும் குழந்தை. வேட்டையை வேரோடு வெறுத்து விலகியவள் என்று 1973 எபிசோட் நிறுவியது என்ன ஆயிற்று? வீட்டில் ஜானிடம் என்ன சொல்லிவிட்டுப் போனாள்? தொடர் அதைக் கேட்பதே இல்லை. காலக்கணக்கைப் பார்த்தால் எரிச்சல். பெண்ணைப் பார்த்தால், விட்டுவிட்டேன் என்று சொன்ன தொழிலை விட முடியாத ஒருத்தி, நம்பத்தக்கவளாகவே இருக்கிறாள். இந்த இரண்டு எண்ணங்களையும் சமரசப்படுத்த என்னால் இன்றுவரை இயலவில்லை, முயற்சி செய்வதையும் விட்டுவிட்டேன். சீசனின் கடைசிக்கு முந்தைய எபிசோடில், டீன் அவள் மனத்துக்குள் புகுந்து, அவள் செய்த பேரத்தால் தாங்கள் இழந்தவற்றை எல்லாம் அடுக்கி, வெறுக்கிறேன், நேசிக்கிறேன், மன்னிக்கிறேன் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிறான். 1973இல் கட்டப்பட்ட கணக்கு அங்கேதான் தீர்கிறது. ஜென்சன் ஆக்கிள்ஸ் இந்தப் பாத்திரத்தில் இதைவிடச் சிறப்பாக நடித்த காட்சி வேறு உண்டா என்று யோசித்துப் பார்க்கிறேன், தோன்றவில்லை.

இரண்டே சீசன்களில் அவளை மறுபடியும் கொன்றார்கள். மறுபடியும் மற்றவர்கள் துக்கப்படுவதற்காக. அதற்குச் சற்று முன் வந்த 300ஆவது எபிசோடில், 2003ஆம் ஆண்டிலிருந்து ஜானை இழுத்துவந்து நால்வரையும் ஒரே உணவு மேசையில் உட்காரவைத்ததைப் பலர் கொண்டாடினார்கள். எனக்கும் கண்ணில் நீர் வந்தது. ஜான் பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய மன்னிப்பில் பாதிகூடக் கேட்கவில்லை என்பது மறுநாள்தான் உறைத்தது.

2022இல் வந்த தி வின்செஸ்டர்ஸ் என்னும் முன்கதைத் தொடரைப் பற்றி நண்பர் தனியாகக் கேட்டிருந்தார். கதை 1972இல் தொடங்குகிறது. அதில் ஜானுக்கு வேட்டையும் தெரியும், தந்தையின் சங்கமும் தெரியும். அப்படியானால் 1973இன் அந்த வெள்ளந்தி ஜான் யார் என்று நாம் பற்களைக் கடித்துக்கொண்டு 13 எபிசோடுகளையும் பார்த்து முடித்தால், இது வேறொரு பிரபஞ்சம் என்று இறுதியில் சொல்லிவிடுகிறார்கள். மெக் டானலி மேரியாக நன்றாகவே செய்திருக்கிறார், அவர்மீது குற்றமில்லை. ஒரே சீசனோடு தொடர் கைவிடப்பட்டதில் எனக்கு வருத்தமும் இல்லை.

ஆகவே நண்பருக்கு என் பதில்: ஐந்தாவது சீசனின் முடிவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தொடரை உருவாக்கிய எரிக் கிரிப்கி தலைமையேற்று நடத்தியது அதுவரைதான். கதை அங்கே முழுமையாக முடிகிறது. கியூபிட் வரும் காட்சியை மட்டும் ஓட்டிவிடுங்கள். பன்னிரண்டாவது சீசனை இவ்வளவு புகழ்ந்துவிட்டு அதற்கு ஏழு சீசன்கள் முன்பாகவே நிறுத்தச் சொல்வது என்ன நியாயம் என்று அவர் கேட்பார். டீன் தன் தாயிடம் பேசும் அந்தக் காட்சியை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் விளங்காது. விளங்க வேண்டுமானால் காம்ப்பெல் உறவினர் கூட்டத்தையும், ஆடமை மறந்த ஆண்டுகளையும், எப்போதும் இன்னொரு இரகசியத்தோடு வந்து நிற்கும் பரம்பரைகளையும் தாண்டித்தான் வர வேண்டும். நான் தாண்டி வந்தேன். இன்னொருவரை அப்படி வரச்சொல்லும் அளவுக்கு இந்த வாரம் எனக்கு மனம் இளகவில்லை.