டிராக்கிங் எண் திரும்பி வரும் வழி: கூரியர் மென்பொருளை ஆர்டர் சிஸ்டத்தோடு இணைத்து நான்கு வருடம்

பேக்கிங் மேசைக் கணினி செத்துப்போனதால், கூரியர் நிறுவனம் தரும் லேபிள் மென்பொருளை ஆர்டர் டேட்டாபேஸோடு மறுபடி முதலிலிருந்து இணைக்க வேண்டியதாயிற்று. நிறுவுவது எப்படி என்பது அவர்கள் கையேட்டிலேயே இருக்கிறது. அதில் இல்லாததுதான் இங்கே.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபத்தில் விட்டுப்போகும். பேக்கிங் ஸ்லிப்பில் ஆர்டர் எண்ணை கோட் 128 பார்கோடாக அச்சிட்டு, படித்து முடித்ததும் ஸ்கேனர் ஒரு என்டரும் சேர்த்து அனுப்பும்படி அமைத்துவிட்டால் போதும். ஸ்லிப்பைக் காட்டியதும் பெயர், முகவரி, தொலைபேசி, சேவை வகை எல்லாம் அந்தந்தக் கட்டத்தில் வந்து உட்கார்ந்துவிடும். எடை தராசிலிருந்து வரும். ஒரே ஒரு விசை, லேபிள் கையில். முகவரியைக் கையால் அடிப்பது நின்றதும் அதனால் வந்த தவறுகளும் நின்றன. நான்கு வருடத்தில் இந்தப் பகுதி ஒருநாளும் மக்கர் செய்ததில்லை.

புதுக் கணினியில் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஓடிபிசி, அதாவது மென்பொருளை டேட்டாபேஸோடு பேச வைக்கும் இணைப்பு. மென்பொருள் 32 பிட்டாக இருந்தால், அந்த இணைப்பின் விவரங்களை ஒரு பெயரில் சேமித்து வைக்கும் டிஎஸ்என்னும் 32 பிட்டாகத்தான் இருக்க வேண்டும். 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 ஃபோல்டரில் இருக்கும் ஓடிபிசி நிர்வாகி 64 பிட். சிஸ்வாவ்64 ஃபோல்டரில் இருப்பதுதான் 32 பிட். பெயரைப் பார்த்துத் திறந்தால் நிச்சயம் தப்பானதைத்தான் திறப்பீர்கள். சோதனை இணைப்பு வெற்றி என்று வரும், மென்பொருளின் பட்டியலில் மட்டும் டிஎஸ்என் தெரியாது. தெரிந்தும் இன்னொருவர் லாகின் செய்தால் காணாமல் போகிறதென்றால், அதை யூசர் டிஎஸ்என்னாக உருவாக்கியிருக்கிறீர்கள். சிஸ்டம் டிஎஸ்என்னாக மாற்றுங்கள்.

ஆர்டர் டேபிளை மென்பொருளின் கட்டங்களோடு நேரடியாகப் பொருத்தாதீர்கள் (மேப் செய்யாதீர்கள்). அனுப்பாத ஆர்டர்களை மட்டும் காட்டும் ஒரு வியூ (டேட்டாபேஸில் சேமித்து வைக்கும் வடிகட்டிய பட்டியல்) போதும். முகவரி வரியின் நீளத்தையும் அந்த வியூவிலேயே கவனிக்க வேண்டும். பல கூரியர்களின் வரம்பு ஒரு வரிக்கு 35 எழுத்து. அதைத் தாண்டியது சத்தமில்லாமல் வெட்டுப்படும், வெட்டுப்படுவது பெரும்பாலும் வரிக் கடைசியில் இருக்கும் கதவு எண்ணோ மாடி எண்ணோதான். 35-ஆம் எழுத்துக்கு முன்னால் வரும் கடைசி இடைவெளியில் உடைத்து, மீதியை இரண்டாம் வரிக்குத் தள்ளுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தகவல் உள்ளே போகும் வழியை இவ்வளவு அழகாகச் செய்தவர்கள், டிராக்கிங் எண் வெளியே வரும் வழியை ஏன் இப்படி விட்டார்கள் என்பது இன்றுவரை புரியவில்லை. லேபிள் அடித்ததும் ஆர்டர் எண்ணைத் திறவுகோலாக வைத்து, அந்த ஆர்டரின் டிராக்கிங் கட்டத்தில் எண்ணை எழுதுவதுதான் வழக்கமான மேப்பிங். ஒரு ஆர்டருக்கு ஒரு பெட்டி என்றால் சரி. மூன்று பெட்டி போனால் மூன்று முறை எழுதும், ஒன்றின் மேல் ஒன்றாக. கடைசி எண் மட்டும் மிஞ்சும்.

இதைவிட மோசமானது லேபிள் ரத்து. ஆர்டர் 4417-க்கு 11:02-க்கு ஒரு லேபிள் அடிக்கிறார்கள். தராசில் பெட்டி சரியாக உட்காராததால் எடை 1.2 கிலோ என்று பதிவாகிவிடுகிறது, உண்மையில் 2.1. 11:04-க்குப் புது லேபிள் அடித்து ஒட்டியாயிற்று. பழையதை 11:06-க்கு ரத்து செய்கிறார்கள். மேசையில் நிற்பவர் செய்தது முழுக்கச் சரி. ஆனால் ரத்துக் குறியோடு வரும் வரியிலும் அதே ஆர்டர் எண்தான் இருக்கிறது. ‘ரத்து வந்தால் டிராக்கிங் எண்ணை அழி’ என்று எழுதியிருந்தால், 11:04-இன் நல்ல எண் அழிந்துபோகும். ஆர்டர் அனுப்பாததாக மாறி மறுபடி வியூவில் ஏறும். மறுநாள் காலை அதே சரக்கை இன்னொரு முறை பேக் செய்வார்கள். ரத்துக் குறியை மேப் செய்யாமலே விட்டாலும் ஆபத்துதான்: புதியதை அடிக்காமல் பழையதை மட்டும் ரத்து செய்த நாளில், வாடிக்கையாளரிடம் செத்த எண் இருக்கும்.

தீர்வு, ஆர்டர் டேபிளைத் தொடவே விடாமல் தனியாக ஒரு டேபிள் வைப்பது. அதன் முதன்மைத் திறவுகோல், அதாவது ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் கட்டம், டிராக்கிங் எண்; ஆர்டர் எண் அல்ல. கூடவே ஆர்டர் எண், எடை, கட்டணம், நேரம், ரத்துக் குறி. ரத்து வந்தால் அதே டிராக்கிங் எண் உள்ள வரியில் மட்டும் குறி விழும். உயிரோடு இருக்கும் வரிகளின் எண்ணிக்கை அந்த ஆர்டரின் பெட்டி எண்ணிக்கைக்குச் சமமானால்தான் ‘அனுப்பியது’. வாடிக்கையாளருக்கான மின்னஞ்சலை 20 நிமிடம் தாமதப்படுத்துங்கள்; பெரும்பாலான ரத்துகள் அதற்குள் வந்துவிடும். டிஎஸ்என் பயனருக்கு வியூவைப் படிக்கவும் இந்த டேபிளில் எழுதவும் மட்டும் அனுமதி கொடுங்கள்.

டிராக்கிங் எண்ணை எப்போதும் எழுத்து வகையாகவே வையுங்கள். யாராவது சிஎஸ்வி கோப்பை எக்செல்லில் திறந்து சேமித்தால் 15 இலக்கத்துக்குப் பிறகு எல்லாம் பூஜ்ஜியமாகிவிடும், பூஜ்ஜியத்தில் தொடங்கும் அஞ்சல் குறியீடானால் அந்தப் பூஜ்ஜியமும் போய்விடும். பெட்டி அளவையும் சேர்த்து அனுப்புங்கள்: 40×30×25 செ.மீ. பெட்டியின் மூன்று அளவையும் பெருக்கி 5000-ஆல் வகுக்கும் கணக்கில் பில் எடை 6 கிலோ, உள்ளே 2.1 கிலோ சரக்கு இருந்தாலும். பில் வந்த பிறகு அதிர்ச்சியடைவதில் பயனில்லை.

புதிதாகத் தொடங்கும் நண்பருக்கு இதைப் பரிந்துரைப்பேனா? மாட்டேன். ஒரு நாளில் நூறு முறை சரியாக வேலை செய்யும் ஸ்கேன் வசதியை, மாதம் இருமுறை தொலையும் டிராக்கிங் எண் கெடுத்துவிடுகிறது. எஸ்கியூஎல் (டேட்டாபேஸுக்குக் கட்டளையிடும் மொழி) எழுத ஆள் இல்லாத இடத்தில் இது வேண்டவே வேண்டாம். ஆனாலும் புதுக் கணினியில் முதல் ஸ்லிப்பை ஸ்கேன் செய்து, கட்டங்கள் நிரம்பியதைப் பார்த்தபோது, வேறொன்றுக்கு மாறும் எண்ணமே வரவில்லை.

ஏற்கெனவே ஓட்டுகிறவர்கள் இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். டேட்டாபேஸ் இணைப்பு ஒரு நொடி அறுந்தாலும் லேபிள் வந்துவிடும், எண் மட்டும் வந்து சேராது. திரையில் வரும் பிழைச் செய்தியை அவசரத்தில் யாராவது மூடிவிடுவார்கள். அதனால் நாள் முடிவில் கூரியருக்குப் போகும் மேனிஃபெஸ்டில் (அன்றைய பெட்டிகளின் பட்டியலில்) உள்ள எண்களையும் உங்கள் டேபிளில் உயிரோடு உள்ள எண்களையும் தினமும் ஒப்பிட்டு, ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாதவற்றை மட்டும் அச்சிட வையுங்கள். வண்டி வந்து எடுத்துப்போவதற்கு முன்பே அந்தத் தாள் மேசைக்கு வந்துவிட வேண்டும்.