கீழக்கரையில் ஒரு பிளம்பருக்காக ஒன்பது நாள்

சிங்கப்பூரிலிருந்து மூன்று வார லீவில் ஊருக்குப் போயிருந்தேன். அதில் ஒன்பது நாள் பிளம்பருக்காகக் காத்திருந்ததிலேயே போனது.

உம்மா வீட்டு மாடிக் குளியலறைச் சுவரில் ஈரம் ஊறிப் பூச்சு உதிர்ந்துகொண்டிருந்தது. காவிரித் தண்ணி வரும் நாளில் பிடித்து மேலே ஏற்றியதில் பாதி, விடிவதற்குள் சுவருக்குள் இறங்கிவிடும். போர் தண்ணி உப்பு, வாயில் வைக்க முடியாது. நல்ல தண்ணி ஒரு குடம் வீணானாலும் உம்மாவுக்கு நெஞ்சு பதறும்.

முதலில் வந்தவர் சுவரை உடைத்துக் குழாயை ஒட்டி, பத்தே நிமிடத்தில் மோட்டார் போடச் சொன்னார். மறுநாள் அதே இடத்தில் சொட்டு. அதன்பிறகு போனை எடுக்கவில்லை. அவருக்கு யாரும் முறையாகச் சொல்லிக் கொடுக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஒன்பதாம் நாள் ஏர்வாடிப் பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்தார். ஹீட்டர் குழாயைத் தொட்டதுமே சொல்லிவிட்டார்: "இது சாதா பிவிசி பாய். 60 டிகிரி போனா இளகிரும். சுடுதண்ணிக்கு சூடு தாங்குற சிபிவிசிதான் போடணும்." குழாயை நேராக வெட்டி, பிசிறு சீவி, துடைத்து, பசை தடவி, கால் சுற்றுத் திருகிச் செருகி, அசையாமல் அழுத்திப் பிடித்தார். பித்தளை மரையில் கசிவைத் தடுக்கும் டேப்பை மரை ஓடும் பக்கமாகவே சுற்றினார். "காலைல மோட்டார் போடுங்க. ராத்திரி காயட்டும்." அதன்பிறகு ஒரு சொட்டு இல்லை.

அவரிடம் தொழில் பழகிய இரண்டு பேரும் இப்போது கத்தாரில். அவர்கள் போனதில் தப்பில்லை. ஆனால் வளைகுடாப் பணத்தில் எழும்பும் ஒவ்வொரு வீட்டிலும் மூன்று நான்கு குளியலறை. உப்புக்காற்றில் இரும்புக் குழாய் அரித்துப்போகிறது. வேலைக்குப் பஞ்சமே இல்லை, ஆளுக்குத்தான் பஞ்சம். சிங்கப்பூரில் உரிமம் பெற்ற பிளம்பர் செய்ய வேண்டிய வேலையை உரிமம் இல்லாதவர் தன்பாட்டுக்குத் தொடக்கூடாது. அந்த உரிமத்துக்கு மரியாதையும் உண்டு, நல்ல வருமானமும் உண்டு. இங்கே ஐடிஐயில் பிளம்பர் படிப்பு ஒரே வருடம். அதை முடித்து, இந்தப் பெரியவரைப் போன்றவரிடம் இரண்டு வருடம் கைப்பழக்கம் எடுத்தால் ஊரிலேயே நிமிர்ந்து பிழைக்கலாம். கடன் வாங்கி இன்ஜினியரிங் முடித்துவிட்டுச் சும்மா இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

அன்று முழுக்க டார்ச் பிடித்து நின்றவன் தங்கச்சி மகன், பன்னிரண்டாவது படிக்கிறான். "மாமா, நான் இதைப் படிக்கவா?" என்று கேட்டான். தங்கச்சி முகம் கொடுக்கவில்லை. பெரியவர் நம்பரை அவன் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.