செட்டிநாட்டில் எம்.ஆர்க் ஆய்வுக் கட்டுரை: ஒரு வீடா, ஒரு தெருவா, ஆவணங்களா?

எம்.ஆர்க் (கட்டடக்கலை முதுகலைப் படிப்பு) ஆய்வுக்குக் காரைக்குடிப் பக்கம் போகிறவர்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன: ஒரே வீட்டை அளந்து ஆழமாகப் படிப்பது, ஒரு தெருவின் பத்துப் பன்னிரண்டு வீடுகளை ஒப்பிடுவது, பழைய ஆவணங்களை வைத்து எழுதுவது. தனி ஆளாக ஒரே பருவத்தில் முடிக்க வேண்டுமென்றால் எங்கள் ஓட்டு முதல் வழிக்கே.

ஒரு வீடு என்றால் சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம். முகப்பு, வளவு (நடு முற்றம்), இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடுகள் இவை. அளக்க ஐந்து நாள், வரைய மூன்று வாரம் ஒதுக்குங்கள். தூணுக்குத் தூண் தனித்தனியாக அளக்காமல், டேப்பின் நுனியை ஒரே இடத்தில் வைத்துத் தொடர் அளவாக எடுங்கள். தனித்தனியாக அளந்தால் தூணுக்கு 5 மி.மீ. பிழை பத்துத் தூணில் 5 செ.மீ. வரை போய்விடும். மூலைவிட்டங்கள் இரண்டையும் கட்டாயம் அளக்க வேண்டும். 9 மீட்டருக்கு 6 மீட்டர் முற்றத்தில் இரண்டும் 10.82 வர வேண்டும். ஒன்று 10.90, மற்றது 10.73 என்றால் முற்றமே கோணல், அப்படியே வரையுங்கள். இரண்டுமே 10.90 என்றால் பக்க அளவில் தப்பு, திரும்ப அளங்கள்.

கேள்வி குறுகலாக இருக்கட்டும். ‘செட்டிநாட்டு வீட்டின் கட்டடக்கலை’ என்பது வெறும் தலைப்பு. வளவைச் சுற்றிய அறைகள் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு இணைக்கும், எப்படிப் பிரிந்தன, இன்று அவற்றில் எவை பூட்டிக் கிடக்கின்றன என்பது கேள்வி. ஆத்தங்குடிக் கல், பர்மா தேக்கு, 2014இல் செட்டிநாடு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் சேர்ந்தது எல்லாம் ஒரு பக்கம் போதும். ‘ஒரு வீட்டை வைத்து ஊரைப் பேசலாமா?’ என்று ரெவ்யூவில் கேட்பார்கள். முடிவு இந்த வீட்டுக்கு மட்டும் என்று முதல் அத்தியாயத்திலேயே எழுதிவிடுங்கள்.

தெரு ஒப்பீடு படிக்கக் கவர்ச்சியானது, ஆனால் கதவு திறக்காது. பல வீடுகள் விசேஷ நாட்களில்தான் திறக்கும். திறந்திருக்கும் நான்கைந்தை மட்டும் பார்த்தால் அவை தெருவின் மாதிரி ஆகா. ஹோட்டலாக மாறிய வீட்டுக்குள் எளிதாகப் போகலாம். பழைய அறைகள் குளியலறைகளாகியிருந்தால் உங்கள் அட்டவணையே தப்பாகிவிடும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து செய்வதானால் மட்டும் இதை எடுங்கள்.

ஆவண வழியில் பலர் தடுமாறுவது முதல் அடியிலேயே. எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் பொதுப்பணித் துறைக் கோப்புகள் அரசுக் கட்டடங்களுக்கு உதவும். தனியார் வீட்டுக்கு அந்தக் கோப்புகளால் பயனில்லை. வீட்டுக்குத் தேட வேண்டியவை குடும்பக் கணக்குகளும் பாகப்பிரிவினைப் பத்திரங்களும். எந்த அறை யார் பங்கு என்பது அவற்றில்தான் கிடைக்கும். இவற்றை மட்டும் வைத்து முழுக் கட்டுரையும் எழுதுவது கடினம். அளந்த வரைபடத்தின் மேல் பங்குகளை நிறம் தீட்டிக் காட்டினால் அருமையாக நிற்கும்.

அனுமதியை முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். வீடு பங்காளிகள் பலருக்குச் சொந்தம். சிலர் வெளிநாட்டில் இருப்பார்கள். சாவி வைத்திருப்பவர் சம்மதித்தால் உள்ளே போகலாம், வரைபடத்தை அச்சிட அது போதாது. கடிதத்தில் அளக்க, படமெடுக்க, அச்சிட என்று மூன்றையும் தனித்தனி வரியாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.