தீம் வழியாக நுழைந்த ஸ்கிரிப்ட்: நான்கு வருடப் பாதுகாப்பு அனுபவம்

மதுரையில் சின்னச் சின்னக் கடைகளுக்கு வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் இணையதளம் செய்து, பராமரித்தும் கொடுக்கிறேன். இப்போது கையில் பதினோரு தளங்கள் இருக்கின்றன. விளக்குத்தூண் பக்கம் ஒரு சுங்குடிக் கடை, மாட்டுத்தாவணியில் ஒரு பூ வியாபாரி, திருநகரில் ஒரு டியூஷன் சென்டர், இப்படி. தளத்தின் தோற்றத்தைத் தரும் தீம்களில் ஸ்டோர்டு எக்ஸ்எஸ்எஸ் என்றொரு ஓட்டை இருப்பதுண்டு; வெளியாள் அனுப்பும் நிரல் தளத்தில் சேமிக்கப்பட்டு, பக்கத்தைத் திறக்கிறவரின் பிரவுசரில் ஓடிவிடும். அதிலிருந்து இந்தத் தளங்களைக் காக்க 2021 முதல் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டேன். அதில் எது நிலைத்தது, எதைக் கைவிட்டேன் என்பதை எழுதி வைக்கிறேன்.

சுங்குடிக் கடைத் தளத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. 2020 சித்திரையில் மீனாட்சி திருக்கல்யாணமே பக்தர்கள் இல்லாமல் நடந்தது, கடைவீதியும் பூட்டிக் கிடந்தது. அப்போதுதான் அந்தத் தளத்தைத் தொடங்கினோம். மறுவருஷம் ஆடி மாதம் கடைக்காரர் போன் செய்தார். "தம்பி, நம்ம பக்கத்தைத் திறந்தா ஏதோ லாட்டரிப் பக்கத்துக்கு இழுத்துட்டுப் போகுதாம். நேத்துலருந்து மூணு பேர் சொல்லிட்டாங்க." என் லேப்டாப்பில் திறந்தால் ஒன்றுமில்லை. "இங்க நல்லாத்தானே இருக்குண்ணே" என்றேன். அப்புறம் என் போனில் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, அது மொபைலில் மட்டும் வேலை காட்டுகிறது.

முகப்பில் 'வாடிக்கையாளர் கருத்து' என்று ஒரு பகுதி உண்டு. தீமோடு வந்த வசதி அது. யார் வேண்டுமானாலும் பெயரும் கருத்தும் எழுதி அனுப்பலாம், கடைக்காரர் ஒப்புதல் கொடுத்தால் முகப்பில் வரும். பெயர் எழுதும் கட்டத்தில் ஒருவன் பெயருக்குப் பின்னால் ஒரு ஸ்கிரிப்ட் டேக்கையும், அதாவது பிரவுசர் இயக்கும் நிரல் துண்டையும், சேர்த்து அனுப்பியிருக்கிறான். தீம் அதை அப்படியே டேட்டாபேஸில் சேமித்தது. சேமித்ததை எஸ்கேப் செய்யாமல், அதாவது பிரவுசர் நிரலாக எடுக்காமல் வெறும் எழுத்தாகக் காட்டும்படி மாற்றாமல், அட்மின் பட்டியலிலும் முகப்பிலும் அச்சிட்டது.

ஒப்புதல் தராமல் விட்டால் ஆபத்தில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் ஒப்புதல் தரலாமா என்று பார்க்க அந்தப் பட்டியலைக் கடைக்காரர் திறந்தாரே, அதுவே போதுமாக இருந்திருக்கிறது. அவர் அட்மினாக லாகின் செய்திருக்கிறார், ஸ்கிரிப்ட் அவருடைய பிரவுசருக்குள் ஓடுகிறது. வேர்ட்பிரஸின் லாகின் குக்கீயை (உள்ளே நுழைந்தவர் யார் என்று காட்டும் சிறு பதிவு) ஸ்கிரிப்ட் எழுதும் மொழியான ஜாவாஸ்கிரிப்டால் படிக்க முடியாது, அது உண்மை. ஆனால் படிக்கவே தேவையில்லை. புதுப் பயனர் சேர்க்கும் பக்கத்தைப் பின்னணியில் எடுத்து, படிவம் அந்தப் பயனரிடமிருந்துதான் வருகிறதா என்று சரிபார்க்க அதில் வைத்திருக்கும் நான்ஸ் என்ற குறியீட்டைக் கழற்றி, அவர் பெயரிலேயே படிவத்தை அனுப்பிவிடலாம். அப்படித்தான் 'சப்போர்ட்' என்ற பெயரில் ஒரு புது அட்மின் முளைத்திருந்தான். தன் கருத்துக்குத் தானே ஒப்புதலும் கொடுத்துக்கொண்டான். 2005இல் மைஸ்பேஸ் சமூக வலைத்தளத்தில் பரவிய 'சாமி' புழுவும் (தானாகப் பரவும் நிரல்) இதே வழிதான். ஒருவருடைய சுயவிவரப் பக்கத்தில் எழுதிய துண்டு, பார்க்கிறவர்கள் பெயரிலேயே வேலை செய்து, ஒரு நாளுக்குள் பத்து லட்சம் கணக்குகளைத் தொட்டது.

சுத்தம் செய்ய இரண்டு நாள் ஆனது. அந்த அட்மினை நீக்கினேன். டேட்டாபேஸ் முழுக்க ஸ்கிரிப்ட் டேக்கையும் நிரலை ஓட்டக்கூடிய 'ஆன்எரர்' போன்ற அட்ரிப்யூட்களையும் (டேக்குக்குள் எழுதும் பண்புகள்) தேடி எடுத்தேன். கான்ஃபிக் கோப்பிலுள்ள ரகசியச் சாவிகளை மாற்றி எல்லாரையும் லாக்அவுட் ஆக வைத்தேன். கோப்புகளைப் பழைய பேக்கப்பிலிருந்து போட்டேன். ஆடித் தள்ளுபடியில் அந்த இரண்டு நாள் தளம் மூடியே கிடந்தது. கடைக்காரர் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

தீம் செய்தவர்கள் அடுத்த பதிப்பில் ஓட்டையை அடைத்தார்கள், நானும் அப்டேட் செய்தேன். 5.5 பதிப்பிலிருந்து, அதாவது 2020 ஆகஸ்டிலிருந்து, தீம்களும் தானாக அப்டேட் ஆகும் வசதி வேர்ட்பிரஸில் இருக்கிறது. எல்லாத் தளத்திலும் அதைப் போட்டுவிட்டேன். சரி, இனிக் கவலையில்லை என்று ஒன்றரை வருடம் இருந்தேன்.

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள், பலரும் சறுக்குவது இங்கேதான். மூலத் தீமை, அதாவது தாய்த் தீமை, தொடாமல் நம் மாற்றங்களை மட்டும் வைக்கும் தனித் தீம்தான் சைல்டு தீம். நாம் செய்யும் மாற்றங்கள் அப்டேட்டில் அழியாமல் இருக்கத்தான் அதை வைக்கிறோம். சுங்குடித் தளத்தில் கருத்துகள் வரும் டெம்ப்ளேட் கோப்பைச் சைல்டு தீமுக்கு நகல் எடுத்து, நான்கு எழுத்துருச் சமாச்சாரம் மாற்றியிருந்தேன். தாய்த் தீமில் அதே பெயரில் கோப்பு இருந்தாலும் வேர்ட்பிரஸ் எடுப்பது சைல்டு தீமிலுள்ளதைத்தான். அதனால் தாய்த் தீம் திருந்திவிட்டது, என் நகலில் மட்டும் ஓட்டை அப்படியே இருந்தது. டேஷ்போர்டு எல்லாம் புதுசு என்று சொல்லிக்கொண்டிருந்தது.

இதைக் கண்டுபிடிக்க உதவியது ஒரு எளிய சோதனைதான். தளத்தின் சோதனை நகலில், பெயர்க் கட்டத்தில் 'முத்து' என்பதைத் தடித்த எழுத்துக்கான டேக்குக்குள் வைத்து அனுப்புவேன். திரையில் கோண அடைப்புக்குறிகள் அப்படியே தெரிந்தால் எஸ்கேப் ஆகியிருக்கிறது என்று அர்த்தம். 'முத்து' தடித்துத் தெரிந்தால் அங்கே ஓட்டை. அன்றைக்கு முத்து தடித்துத்தான் தெரிந்தது. இப்போது தாய்த் தீம் அப்டேட் ஆகும் ஒவ்வொரு முறையும், சைல்டு தீமில் நகலாக இருக்கும் கோப்புகளைப் புதியவற்றோடு வரிக்கு வரி ஒப்பிடுகிறேன். அலுப்பான வேலைதான். ஆனால் இந்த நான்கு வருடத்தில் நான் பழகிய பழக்கங்களில் இதற்குத்தான் முதலிடம்.

எஸ்கேப் செய்வதிலும் இடம் பார்த்துச் செய்ய வேண்டும். வெறும் எழுத்தாக வரும் இடத்துக்கு ஒரு ஃபங்ஷன், அட்ரிப்யூட்டுக்கு ஒன்று, இணைப்பு முகவரிக்கு ஒன்று என்று வேர்ட்பிரஸ் தனித்தனியாகவே கொடுத்திருக்கிறது. பூ வியாபாரியின் தளத்தில் 'உங்கள் இணையதளம்' என்ற கட்டத்துக்கு அட்ரிப்யூட் எஸ்கேப் மட்டும் போட்டிருந்தார்கள். மேற்கோள் குறியை அது அடைக்கும், ஆனால் முகவரியே 'ஜாவாஸ்கிரிப்ட்' என்று தொடங்கி முக்காற்புள்ளி வைத்து வந்தால் தடுக்காது. இணைப்பைச் சொடுக்கியதும் ஓடும். யூஆர்எல்லுக்கான எஸ்கேப்தான் அதைக் கழித்துவிடும். டியூஷன் சென்டர் தீமில் இன்னொரு வகை. வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருக்கும் பிஎச்பி மொழியின் பொதுவான எஸ்கேப் ஃபங்ஷனைப் போட்டு, அட்ரிப்யூட்டை ஒற்றை மேற்கோளில் வைத்திருந்தார்கள். பிஎச்பி 8.1க்கு முன்பு அந்த ஃபங்ஷன் ஒற்றை மேற்கோளைத் தானாக மாற்றாது, அதனால் ஒரு ஒற்றை மேற்கோளை எழுதியே அட்ரிப்யூட்டை விட்டு வெளியே வந்துவிடலாம். சர்வரில் இருந்ததோ 7.4.

ஃபயர்வால் பிளகின் எல்லாத் தளத்திலும் இருக்கிறது. வேர்ட்ஃபென்ஸ் என்ற அந்தப் பிளகினின் இலவசப் பதிப்பில் புது விதிகள் 30 நாள் கழித்துத்தான் வரும் என்பதைத் தெரிந்துகொண்டு வையுங்கள். அது உள்ளே வரும் கோரிக்கைகளைத்தான் சலிக்கும். போன மாதமே டேட்டாபேஸில் போய் உட்கார்ந்த ஸ்கிரிப்ட், பக்கம் திறக்கும்போது வெளியே வருவதை அது மறிக்காது. ஆகவே வைத்துக்கொள்ளலாம், நம்பி உட்காரக் கூடாது.

எந்த ஸ்கிரிப்ட் ஓடலாம் என்று பிரவுசருக்குச் சொல்லும் கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி பெரிய ஆசையோடு தொடங்கியது. முதலில், எதையும் தடுக்காமல் புகார் மட்டும் அனுப்பும் ரிப்போர்ட் ஒன்லி நிலையில் இரண்டு மாதம் ஓட விட்டேன். தீம் பக்கத்துக்குள்ளேயே எழுதி வைத்திருக்கும் இன்லைன் ஸ்கிரிப்ட்களாலேயே புகார் குவிந்தது. அவற்றுக்காக 'அன்சேஃப் இன்லைன்' என்று அனுமதி கொடுத்தால், உள்ளே செருகப்பட்ட ஸ்கிரிப்டும் அதே அனுமதியில் ஓடும், பிறகு அந்தப் பாலிசி எதற்கு? எளிமையான இரண்டு தளங்களில் மட்டும் முழுதாகப் போட முடிந்தது. மற்றவற்றில் விட்டுவிட்டேன்.

செலவில்லாமல் நிறையப் பலன் தந்தது பயனர் உரிமைகளைக் குறைத்ததுதான். போட்டோ ஏற்றும் தம்பி, கணக்குப் பார்க்கும் அக்கா, கடைக்காரரின் மருமகன், எல்லாரும் அட்மினாக இருந்தார்கள். ஒரு அட்மின், மற்றவர்கள் ஆத்தர் (தன் பதிவுகளை மட்டும் எழுதி வெளியிடக்கூடியவர்) என்று மாற்றினேன். எல்லார் பதிவுகளையும் திருத்தக்கூடிய எடிட்டருக்கும் வடிகட்டாத எச்டிஎம்எல், அதாவது ஸ்கிரிப்டும் சேர்த்து, எழுத உரிமை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. கான்ஃபிக் கோப்பில் ஒரே வரியில் அதை நிறுத்திவிடலாம். பயன்படுத்தாத தீம்களையும் அழித்துவிட்டேன். வேர்ட்பிரஸோடு வந்த ட்வென்டி ஃபிஃப்டீன் தீமிலேயே, எழுத்துருக் கோப்புறையில் கிடந்த ஒரு மாதிரிக் கோப்பில் எக்ஸ்எஸ்எஸ் ஓட்டை இருந்தது 2015இல் தெரியவந்தது. தீம் செயலில் இல்லாவிட்டாலும் அந்தக் கோப்பு முகவரியில் திறக்கும். லாகின் முகவரியை மறைப்பது, ரைட் கிளிக்கைத் தடுப்பது போன்றவற்றுக்கு இந்த ஓட்டையோடு சம்பந்தமே இல்லை.

டெலிகிராமில் கிடைக்கும் திருட்டுத் தீமைக் கொண்டுவந்து 'இதைப் போட்டுக் கொடுங்க' என்று கேட்டால் இப்போது மறுத்துவிடுகிறேன். அதற்கு அப்டேட்டும் வராது, உள்ளே என்ன இருக்கிறதென்றும் தெரியாது.

இன்னொரு அனுபவமும் சொல்ல வேண்டும். பயத்தில் ஒரு சமயம் சேமிக்கும்போதே எல்லாவற்றையும் எஸ்கேப் செய்து வைத்தேன். பக்கத்தில் நன்றாகத்தான் தெரிந்தது. ஆனால் '& சன்ஸ்' என்று முடியும் ஒரு மொத்த வியாபாரியின் பெயர், ஆர்டர் எஸ்எம்எஸ்ஸில் அந்தக் குறிக்குப் பின்னால் மூன்று ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகப் போய்ச் சேர்ந்தது. "என் பேரை ஏன் இப்படிப் போட்டிருக்கீங்க?" என்று கடையில் வந்தே கேட்டுவிட்டார். அதன் பிறகு, உள்ளே வரும்போது அந்தக் கட்டத்துக்குத் தேவையில்லாததைக் களைவது, எழுத்தை எழுத்தாகவே சேமிப்பது, வெளியே அச்சிடும் இடத்தில் அந்த இடத்துக்குரிய எஸ்கேப்பைப் போடுவது என்று மாற்றிக்கொண்டேன். அடுத்த ஆர்டரில் அவர் பெயர் சரியாகப் போனது. முத்துவும் இப்போது அடைப்புக்குறிகளோடுதான் தெரிகிறார்.