வெயிலுக்கு வெஸ்ட்: வள்ளியூரிலும் உவரியிலும் போட்டுப் பார்த்தது

குளிர் நாடுகளில் கட்டட வேலை பார்க்கிறவர்கள், பேட்டரியில் சூடாகும் ஜாக்கெட் எது நல்லது என்று தேடுவார்கள். நமக்குப் பாடு நேர் எதிர். சித்திரை பிறந்துவிட்டால் பத்து மணிக்கே கம்பியைக் கையால் தொட முடியாது. சென்ட்ரிங் தகட்டில் ஏறினால் செருப்பையும் தாண்டிச் சுடும். நம் ஆட்களுக்கு வேண்டியது உடம்பைக் குளிர வைக்கிற உடுப்பு. சின்ன அளவில் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். மூன்று வகை வாங்கி நானும் போட்டேன், ஆட்களுக்கும் கொடுத்தேன். சில கோடைகள் தாண்டிவிட்டன.

முதல் வகை, தண்ணீரில் முக்கிப் பிழிந்து போடும் வெஸ்ட், அதாவது சட்டைக்கு மேல் போடும் கையில்லாத உடுப்பு. விலையும் குறைவு, பேட்டரியும் கிடையாது. "ஈரத்துண்டைத் தோள்ல போட்டா போதாதா அண்ணாச்சி?" என்று எங்கள் கொத்தனார் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்றில் துண்டு கொஞ்ச நேரத்தில் காய்ந்து மொடமொடத்துவிடும். வெஸ்ட்டின் உள்ளடுக்கு தண்ணீரைப் பிடித்து வைத்து மெல்ல விடுவதால் டீ நேரம் முடிந்து அடுத்த வேலை வரைக்கும் தாங்குகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருக 334 போதும். ஆவியாகும் தண்ணீர் அந்த வெப்பத்தில் ஒரு பங்கைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும் என்றாலும், காற்று வீசுகிற இடத்தில் தண்ணீரை அடிக்க ஆளில்லை. பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் காற்றாலை சுற்றுகிற ஊர் எதுவானாலும் இதையே வாங்கலாம்.

ஆனால் எந்தத் தண்ணீரில் முக்குகிறீர்கள் என்பதைப் பார்க்க வேண்டும். இந்த வெஸ்ட்களில் சிலவற்றுக்குள் ஜெல் மணிகள் இருக்கும், குழந்தைகள் டயப்பரில் இருக்கிற அதே வகை. நல்ல தண்ணீரில் உப்பிக் கொழுகொழுவென்று ஆகிற மணி, உப்புத் தண்ணீரில் பாதிகூட உப்பாது. ராதாபுரம் பக்கம் ஒரு சைட்டில் போர் தண்ணீரில் முக்கிய வெஸ்ட் மதியத்துக்குள் காய்ந்துவிட, சரக்கே போலி என்று ஆட்கள் முடிவு கட்டிவிட்டார்கள். அதே வெஸ்ட்டை மறுநாள் தாமிரபரணிக் குழாய்த் தண்ணீரில் ஊறப்போட்டதும் கனத்துப்போய்க் கிடந்தது. அப்புறம் உப்புத் தண்ணீர் காயக் காயத் துணியில் வெள்ளை படிந்து, தையல் ஓரமெல்லாம் விறைத்து, அக்குளில் உரசிப் புண்ணாக்குகிறது. குடிக்கிற தண்ணீர் கேனிலிருந்து முக்கினாலும் நஷ்டமில்லை. ஜெல் இல்லாமல் வெறும் துணியடுக்கு மட்டும் உள்ளது கிடைத்தால் உப்புத் தண்ணீர் ஊர்க்காரர்கள் அதையே எடுங்கள்.

கடற்கரைக்குப் போனால் இதே வெஸ்ட் சுமைதான். உவரி, இடிந்தகரைப் பக்கம் காற்றிலேயே ஈரம் இருப்பதால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது. நனைந்த சட்டையோடு புழுங்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அங்கே உறைந்த பொதிகளைப் பைகளில் செருகிப் போடும் இரண்டாவது வகை உதவுகிறது. பொதிக்குள் இருப்பது வெறும் தண்ணீர் இல்லை, மெழுகு மாதிரி உறைந்து, உடம்புச் சூட்டை வாங்கி உருகுகிற பொருள். காற்று எப்படி இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. வாங்கும்போது எத்தனை டிகிரியில் உறையும் என்று கேளுங்கள். 28 டிகிரியில் உறைகிற பொதியை ஏசி அறையில் வைத்தாலே போதும் என்பார்கள். நம்மூர் வைகாசி இரவில் திண்ணையில் வைத்தால் விடிந்தும் குழம்பாகவே கிடக்கும். 15 டிகிரி வகையை ஐஸ் தண்ணீரில் போட்டால் உறைந்துவிடும். கடலோரத்தில் மீனுக்குப் போடுகிற ஐஸ் எப்போதும் கிடைக்கும், ஒரு தெர்மோகோல் பெட்டி போதும். குறை என்னவென்றால் கனம். வேலைக் கடுமையில் இரண்டு மணி நேரத்துக்குள் உருகிவிடும், ஆளுக்கு இரண்டு செட் இல்லாமல் நடக்காது. அதனால் எல்லாருக்கும் வாங்கவில்லை. கான்கிரீட் போடும் நாளில் வைப்ரேட்டர் பிடிக்கிறவருக்கும் கம்பி கட்டுகிறவருக்கும் மட்டும்.

மூன்றாவது, முதுகுக்குக் கீழே இரண்டு விசிறி வைத்த ஜாக்கெட். ஜப்பானில் கோடையில் கட்டட ஆட்கள் உப்பின பலூன் மாதிரி திரிவதை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். விசிறி வெளிக்காற்றை உள்ளே இழுத்து வியர்வையைக் காயவைத்துக் கழுத்து வழியாக விடுகிறது. உள்பூச்சுக்கு அருமை. காற்றோட்டமே இல்லாத அறையில் சாரத்தில் நிற்கிறவர் கழற்ற மனமில்லாமல் நிற்பார். வெளிவேலைக்கு எனக்குத் திருப்தியில்லை. சேஃப்டி பெல்ட்டை மேலே இறுக்கினால் காற்றுப் போகிற வழியே அடைந்துவிடுகிறது. சிமெண்ட் தூசியை விசிறி இழுத்து உள்ளே கொட்டும், வாரம் ஒருமுறை பிரஷ் போட்டுத் துடைக்காவிட்டால் கரகரவென்று சத்தம் வரும். கட்டிங் மெஷின் பொறி பறக்கிற இடத்தில் பாலியஸ்டர் ஜாக்கெட்டைப் போடவே கூடாது. பேட்டரியை வெயிலில் கம்பிக்கட்டு மேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிற பழக்கத்தையும் விட்டாக வேண்டும்.

சித்தாள் பெண்களை இந்தக் கம்பெனிகள் எதுவும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, அதற்கு மேல் வெஸ்ட் என்றால் ஜிப் ஏறவே மாட்டேன் என்கிறது. பக்கவாட்டில் வார் வைத்து இறுக்குகிற மாதிரி மட்டும்தான் சரிப்பட்டது. இரண்டு அக்காமார் வெஸ்ட்டே வேண்டாம் என்று, கழுத்தில் கட்டும் ஈரப்பட்டையை வாங்கிக்கொண்டு, சும்மாட்டையும் நனைத்து வைத்துக்கொண்டார்கள்.

எதைப் போட்டாலும் ஒரு தொல்லை உண்டு. உடம்பு குளுகுளுவென்று இருப்பதால் தாகம் தெரியாது, ஆட்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறார்கள். அதனால் நீத்தண்ணியில் உப்புப் போட்டு நானே நேரத்துக்குக் கொடுத்துவிடுகிறேன். துபாய்ப் பக்கம் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டமே உண்டு, அங்கே இருந்துவிட்டு வந்தவர்களுக்குத் தெரியும். வெஸ்ட் வாங்கிக் கொடுத்துவிட்டேன் என்று அந்த நேரத்தில் ஆளை மேலே ஏற்றுவது அநியாயம்.

இந்தக் கோடைக்கு நனைத்துப் போடும் வெஸ்ட்டில் ஜெல் இல்லாதது இன்னும் கொஞ்சம் வாங்கச் சொல்லியிருக்கிறேன். விசிறி ஜாக்கெட்டை மச்சினனுக்குக் கொடுத்துவிட்டேன். அவன் பாளையங்கோட்டையில் உள்பூச்சு வேலைதான் பார்க்கிறான்.