நாய் கடித்தால் ஏன் இரண்டு வகை ஊசி?

நாய் கடித்து ரத்தம் வந்தால் ரேபிஸ் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் போடுவார்கள். "ஒன்று போதாதா?" என்று பலர் கேட்கிறார்கள். முன்பு ஊசி போடாதவருக்குப் போதாது.

தடுப்பூசி, கிருமியை முடக்கும் புரதமான எதிர்ப்பொருளைச் செய்ய நம் உடலுக்கே கற்றுக்கொடுக்கிறது. அதற்கு 7 முதல் 14 நாட்கள் ஆகும். ஆனால் கற்றதை உடல் எளிதில் மறக்காது.

இம்யூனோகுளோபுலின் வேறு. குதிரையிடமோ வேறொரு மனிதரிடமோ உருவான எதிர்ப்பொருளைக் கடன் வாங்கி, காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் செலுத்துகிறார்கள். உடனே வேலை செய்யும். சில வாரங்களில் கரைந்துவிடும். தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கும்வரை அதுதான் துணை. முதல் தடுப்பூசி போட்டு 7 நாள் தாண்டினால் இதைப் போடமாட்டார்கள், அதனால் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். அப்புறம், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன்பே காயத்தை சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள்.